ஆண்டுக்கு ஒரு சொல்

பஞ்சாங்கம் நம்மைக் கலந்துகொண்டு ஆண்டுக்குப் பெயர் வைப்பதில்லை. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களை வரிசையாக வைத்துக்கொண்டு, சித்திரை பிறந்ததும் அடுத்த பெயரை எடுத்துச் சூட்டிவிடுகிறது. நல்லதோ தீயதோ, நாம் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். 2020-ஆம் ஆண்டுச் சித்திரைக்கு வந்த பெயர் சார்வரி. இரவு என்பது அதன் பொருள். பெருந்தொற்றுக்கு அஞ்சி ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்த அந்நாள்களில், பெயர் வைத்தவர் இதனை முன்பே அறிந்திருந்தார் போலும் என்று நம் சங்கத்து முதியவர் பலர் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வியந்தனர். 2024-இல் வந்தது குரோதி, அதாவது சினம் உடையது. 2026-ஆம் ஆண்டுச் சித்திரைக்கு உரியது பராபவ. அதன் பொருளை அகராதியில் தேடாதிருப்பதே மனத்துக்கு நல்லது.

இப்பெயர்களோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் இரண்டு இடங்களோடு முடிந்துவிடுகிறது. திருமண அழைப்பிதழின் முதல் வரியில் ஒன்று. பிறந்த ஆண்டின் பெயரே அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வருகையில் நடக்கும் அறுபதாம் கலியாணத்தில் மற்றொன்று. இடையில் உள்ள ஆண்டுகளெல்லாம் பெயரிருந்தும் பெயரில்லாதவையாகவே கழிகின்றன.

ஆதலின் இத்திங்கள் நேயர்களிடம் நாம் பேச விரும்புவது, ஒவ்வொரு குடும்பமும் தன் ஆண்டுக்குத் தானே தேர்ந்து சூட்டும் ஒரு சொல்லைப் பற்றியும், அச்சொல்லை முன்னிறுத்திச் செய்யும் ஒட்டுப் புத்தகத்தைப் பற்றியும் ஆகும்.

ஒட்டுப் புத்தகம் இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஸ்கிராப் புத்தகம் என்று கூறிக் கடைக்குப் பணம் கேட்பது அதற்கே. எனினும் அதனைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1873-ஆம் ஆண்டில், முன்பே பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஒட்டுப் புத்தகம் ஒன்றைப் புனைந்து அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பக்கத்தைச் சிறிது ஈரமாக்கினால் போதும், தாள் ஒட்டிக்கொள்ளும். அவரும் நம்மைப் போலவே கோந்துப் புட்டியால் துன்புற்றவர் போலும். அந்நாட்டிலேயே, ஒட்டுப் புத்தகக் கலையில் பெயர் பெற்ற அலி எட்வர்ட்ஸ் என்னும் அம்மையார் 2006-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டு, ஆண்டு முழுவதும் அச்சொல்லை ஒட்டியே தம் ஏட்டின் பக்கங்களை அமைத்து வருகிறார். அவரைப் பின்பற்றுவோர் இன்று பல நாடுகளில் உளர். நம் மருமகள் இவ்வழக்கத்தை எங்கோ கண்டு வந்து வீட்டில் சொன்னபோது, நாமும் முதலில் சிரித்தோம். சிரிப்பு நின்ற கதையைச் சொல்கிறோம்.

நாம் தலைநகருக்கு வந்தது 1974-இல். சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். மத்திய அரசில் எழுத்தர் வேலை. ஊரிலிருந்த அன்னையார் 1996-இல் மறையும் வரை நமக்குக் கடிதம் எழுதி வந்தார். நீல நிற இன்லண்டு தாளில், இடம் சிறிதும் வீணாகாமல், மடிப்பின் உட்புறமும் ஓரமும்கூட நிறைய எழுதுவார். அவற்றில் 41 கடிதங்கள் ஒரு தகர டப்பாவில் பரண்மேல் இருந்தன. எஞ்சியவை வீடு மாற்றும்போது எங்கு போயின என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

சென்ற ஆண்டுக் குளிர்கால விடுமுறையில் நம் பேத்திக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தனர். 'என் குடும்பம்' என்ற தலைப்பில் ஒட்டுப் புத்தகம் செய்து வரவேண்டும். குழந்தைக்குப் பதினொரு வயது. வீட்டில் தமிழ் பேசுவாள். இந்தியும் ஆங்கிலமும் எழுதுவாள். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. நாம் நண்பகல் உறக்கத்தில் இருந்தபோது டப்பாவை இறக்கச் செய்து, மூன்று கடிதங்களை எடுத்து, நிறையக் கோந்து தடவி, கெட்டி அட்டையில் ஒட்டிவிட்டாள். அஞ்சல்தலையும் முத்திரையும் முகவரியும் உள்ள பக்கம் அழகாக மேலே தெரிந்தது. கடிதம் எழுதியிருந்த பக்கம் கோந்தில் மூழ்கிக் கிடந்தது.

ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டோம். குழந்தை அஞ்சவில்லை. நியாயமான விடையே கூறினாள். "தாத்தா, எல்லாக் கடிதத்திலும் மேலே இரண்டு என்று போட்டிருக்கிறது. எல்லாமே இரண்டாம் பக்கம்தான். முதல் பக்கம் ஒன்றுகூட இல்லை. பாதிக் கடிதத்தை வைத்து என்ன செய்வது? அதனால்தான் தலை ஒட்டிய பக்கத்தை வெளியே வைத்தேன்."

சிறிது நேரம் நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கடிதத்தின் உச்சியைப் பார்த்தோம். அன்னையார் எக்கடிதத்தையும் பிள்ளையார் சுழி இடாமல் தொடங்கியதில்லை. அந்த உகரம், இந்தி எண்ணெழுத்தில் இரண்டு போலவே இருக்கிறது. பள்ளியில் கற்ற எழுத்தைக் கொண்டு குழந்தை படித்திருக்கிறாள். தவறு அவளுடையதன்று.

கெட்டி அட்டையிலிருந்து அம்மூன்று கடிதங்களையும் பிரிக்க இயலவில்லை. புத்தகம் கட்டும் தொழிலாளி ஒருவரிடம் கொண்டு போனோம். நனைத்தால் தாளே கரைந்துவிடும், இருப்பது இருக்கட்டும் என்றார். அன்றிரவு நம்மை வருத்தியது அதுகூட அன்று. அம்மூன்று கடிதங்களில் என்ன எழுதியிருந்தது என்று மகன் கேட்டான். நமக்கு நினைவில்லை. வந்த அன்று படித்தோம், மடித்தோம், டப்பாவில் இட்டோம். முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு, ஒருமுறையேனும் எடுத்துப் பார்த்தோமில்லை. எழுத்தறியாத குழந்தை ஒட்டி மறைத்ததை, எழுத்தறிந்த நாம் மூடியே மறைத்து வைத்திருந்தோம்.

மருமகள் சொன்ன சொல் தேர்வு அப்போதுதான் மீண்டும் பேச்சில் வந்தது. புத்தாண்டு எதுவென்னும் வழக்குக்குள் நாம் இங்கே புகவில்லை. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2011-இல் அது நீங்கியது. நம் சங்கப் பொதுக்குழுவில் அவ்வழக்கு இன்னும் நீங்கவில்லை. நம் இல்லத்தில் பொங்கலன்று அனைவரும் ஒருங்கே அமர்ந்திருந்தமையால் அன்றே தேர்ந்தோம். அவ்வளவே.

ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் ஒரு சொல் எழுதவேண்டும் என்று ஏற்பாடு. மகன் எழுதியது 'முயற்சி'. இல்லத்தரசி எழுதியது 'அமைதி'. நாம் எழுதியது 'ஒற்றுமை' என்று ஒப்புக்கொள்ள இப்போது சற்று நாணமாக இருக்கிறது. மூன்றும் மேடையில் பேசுவதற்கு ஏற்ற சொற்கள். சுவரில் மாட்டிய நாள்காட்டிப் படம்போல் முதல் வாரம் கண்ணில் படும். பிறகு அது இருப்பதையே கண் மறந்துவிடும். மருமகள்தான் ஒரு சோதனை வைத்தாள். இச்சொல்லுக்கென்று நாளைக் காலையில் ஒட்டுவதற்கு இவ்வீட்டில் ஒரு தாளேனும் உண்டா? முயற்சிக்கு எதை ஒட்டுவது? அமைதிக்கு ஒரு வெற்றுப் பக்கத்தை விடலாம் என்றான் மகன். இல்லத்தரசி அதனை விரும்பவில்லை.

பேத்தியின் சீட்டில் தமிழ்ச் சொல் இந்தி எழுத்தில் இருந்தது. படி. "எல்லாரும் என்னைப் பார்த்துச் சொல்வது இதுதானே" என்றாள். பள்ளிப் பாடத்தைப் படி, பாட்டு வகுப்புப் பாடத்தைப் படி என்று நாள்தோறும் கேட்டுச் சலித்துத்தான் எழுதியிருக்கிறாள். ஆயின் அச்சொல்லைச் சுற்றி அமர்ந்த சிறிது நேரத்தில் வீடு முழுவதும் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டது. படி என்றால் வாயிற்படியும் ஆகுமே என்றாள் மருமகள். பரணில் கிடக்கும் இரும்புப் படியை மறந்துவிட்டீர்களா என்றாள் இல்லத்தரசி. மூலத்தைப் பார்த்து எடுக்கும் நகலும் படி அன்றோ! பரண்மேல் படிந்திருக்கும் தூசியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றான் மகன். நமக்கோ, முப்பத்தைந்து ஆண்டு வாங்கிய பஞ்சப்படியும் பயணப்படியும் நினைவுக்கு வந்தன. அச்சொல்லுக்கு ஒட்டத் தாள் உண்டா என்ற வினாவே எழவில்லை. எதை விடுவது என்பதே வினா.

அங்கேதான் ஒரு சொல்லின் பயன் நமக்குப் புலப்பட்டது. வெளியூரில் வாழும் குடும்பங்களில் தாள்களுக்குப் பஞ்சமில்லை. திருமண அழைப்பிதழ்கள், மாற்றல் ஆணைகள், ரயில் முன்பதிவுத் துண்டுகள், பிறந்த சான்று, இறந்த தந்தி, யார் யாரென்று தெரியாத நிழற்படங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கும். தந்தியோ 2013-ஆம் ஆண்டு ஜூலையோடு நாட்டிலிருந்தே விடைபெற்றுவிட்டது. இவை அனைத்தையும் ஒட்டப் புகுந்தால் பத்துப் பக்கத்தில் கை சோர்ந்துவிடும். ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தால், அச்சொல்லின் உறவினர் மட்டும் எழுந்து வருவர். மற்றவை அடுத்த ஆண்டுச் சொல்லுக்காகக் காத்திருக்கும்.

நாம் செய்தது இதுதான். 41-இல் மூன்று போக எஞ்சிய 38 கடிதங்களில் பன்னிரண்டைப் பேத்தியே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். திங்களுக்கு ஒன்று. அதனை அவள் படிக்கவேண்டும். படித்து, தன் கையால் படி எடுத்து, அப்படியை ஏட்டில் ஒட்டவேண்டும். மூலக் கடிதம் பக்கத்திலேயே ஓர் உறையில் செருகப்படும். கோந்து அதன் அருகே வரலாகாது. இதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் சங்கத்துத் தமிழ் வகுப்புக்குச் சென்றாள். அவ்வகுப்பு நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஆண்டுக்கணக்காக நடந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தை மாதக் கடிதம் முடிய ஒன்பது வாரங்கள் ஆயின. முதல் வரியில் 'அம்மா எழுதிக்கொண்டது' என்பதைப் படித்துவிட்டு, எழுதிக்கொண்டது என்றால் தனக்குத் தானே எழுதினார்களா என்று கேட்டாள். கணக்குப்படி மாசிக் கடிதமும் பங்குனிக் கடிதமும் சித்திரையில்தான் முடிந்தன. வைகாசியில் ஊருக்குச் சென்றுவிட்டோம். ஏடு பெட்டியில் கிடந்தது. ஆவணியில் அவளுக்கு அச்சொல்லின் மேலேயே வெறுப்பு வந்து, சொல்லை மாற்றிவிடலாமா என்று கேட்டாள். 'விளையாடு' என்று மாற்றவேண்டுமாம். நாம் மறுக்கவில்லை. ஒரு பக்கம் முழுவதும் தன் கூடைப்பந்துக் குழுவின் படத்தை ஒட்டிக்கொண்டாள். புரட்டாசியில் தானே திரும்பி வந்தாள். அப்பக்கத்தைக் கிழிக்க வேண்டாம் என்று நாம்தான் சொன்னோம்.

இரும்புப் படிக்கென ஒரு பக்கம் அமைந்தது. தாளின்மேல் அதனைக் கவிழ்த்துப் பென்சிலால் வட்டம் வரைந்தாள். வட்டத்துள், அன்னையார் கடிதங்களில் அரிசி விலை வரும் இடங்களையெல்லாம் தேடி எழுதினாள். நாட்டில் மெட்ரிக் அளவைக்கு 1956-இலேயே சட்டம் இயற்றியாயிற்று. எழுபதுகளிலும் அன்னையார் படிக்கணக்கிலேயே விலை சொல்லி வந்தார். ஒரு படி எத்தனை லிட்டர் என்று பேத்தி கேட்டாள். ஊருக்கு ஊர் படி வேறு என்ற உண்மையைக் கேட்டு அவள் அடைந்த ஏமாற்றம் அப்பக்கத்தின் ஓரத்தில் ஒரு வினாக்குறியாக நிற்கிறது.

மற்றொரு கடிதத்தில் ஒரு செய்தி. பஞ்சப்படி உயர்ந்துள்ளது என்று நாம் பெருமையோடு எழுதியிருப்போம் போலும். அதற்கு அன்னையார், உங்கள் சர்க்கார் பஞ்சத்துக்கு எத்தனை படி தருகிறது என்று நீ எழுதவில்லையே, அரிசியாகத் தருகிறார்களா நெல்லாகத் தருகிறார்களா என்று கேட்டிருக்கிறார். வேடிக்கையாக எழுதினாரா, உண்மையாகவே கேட்டாரா? நமக்கு இன்றும் துணியமுடியவில்லை. நாம் என்ன விடை எழுதினோம் என்பதும் நினைவில்லை. அக்கடிதத்தின் படிக்கு எதிரே நம் பழைய சம்பளப் பட்டியல் ஒன்றை ஒட்டியிருக்கிறோம்.

நேயர்கள் நம்மைப் போல் கோந்தால் கெடாதிருக்கச் சில சொல்லிவிடுகிறோம். பழைய கடிதத்தையும் படத்தையும் நேரே ஒட்டலாகாது. படங்களுக்கு நான்கு மூலைகளிலும் செருகும் சிறு தாள்மூலைகள் கடைகளில் கிடைக்கின்றன. கடிதங்களுக்கு உறை. செல்லோ டேப் சில ஆண்டுகளில் மஞ்சளித்து, தான் உதிர்ந்தபின்னும் கறையை விட்டுச் செல்லும். ஒட்டும் பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள் ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் புகுந்தன. அவற்றில் திருமணப் படங்களை வைத்தவர்கள், கூடியமட்டும் விரைவில் மெல்ல எடுத்து வெளியேற்றுவது நன்று. செய்தித்தாள் மரக்கூழால் ஆனதாகையால் தானும் பழுப்பாகி அடுத்த தாளையும் பழுப்பாக்கும். அதற்கு நகலே போதும். கடைச் சீட்டுகளும் இக்காலப் பயணச் சீட்டுகள் பலவும் சூட்டினால் எழுத்துத் தோன்றும் தாள்கள். ஓரிரு ஆண்டில் வெறுந்தாளாகிவிடும். அவற்றையும் நகலெடுத்தே ஒட்டுக. ஏட்டுக்கு அமிலமற்ற தாள் என்று கேட்டு வாங்குக. விலை சற்றுக் கூடுதல்தான்.

படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் மென்மையான பென்சிலால் எழுதவேண்டும். பந்துமுனைப் பேனா முன்புறத்தில் வடுவாகத் தெரியும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டியில் வைக்கலாம். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்து முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஏட்டை வைக்கவேண்டாம்.

சொல்லைத் தமிழில் தேர்க. பிள்ளைகள் அதனைத் தமிழ் எழுத்தில் முதற்பக்கத்தில் எழுதட்டும். எழுத்துக் கோணினால் கோணட்டும். வினைச்சொல்லாயின் சிறப்பு. இரண்டு மூன்று பொருள் தாங்கும் சொல்லாயின் இன்னும் சிறப்பு. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் குடும்பத்தில் 'மாற்றல்' என்று தேர்ந்தனர். இடார்சி, நாகபுரி, ஜான்சி என்று குடியிருந்த ரயில்வே குடியிருப்புகளின் முகவரிகளையும், பிள்ளைகள் மாறிய பள்ளிகளின் சான்றுகளையும் ஒட்டினர். அவர் மனைவியார், தம் மனக்குறை முழுவதற்கும் அவ்வேட்டில் இடம் கிடைத்தது என்று கூறுகிறார்.

பொங்கல் விழாவன்று சங்கக் கட்டடத்து மாடியில் ஒரு மேசை போடப்படும். தாள்மூலைகள், பென்சில், உறை எல்லாம் இருக்கும். கோந்து இராது. உங்கள் சொல்லையும் அதற்குரிய ஒரு தாளையும் கொண்டு வாருங்கள். தமிழ் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளைகளின் பெயரையும் அங்கேயே பதியலாம்.

பன்னிரண்டாம் கடிதத்தைப் பற்றிச் சொல்ல மறந்தோம். மார்கழி முடியும் தறுவாயில் பேத்தி அதனை ஒரே மாலையில் படித்தாள். சுழியைக் கண்டு சிரித்துவிட்டு, வாய்விட்டே படித்துக்கொண்டு போனாள். மழை, பசு கன்று ஈன்றது, பக்கத்து வீட்டுத் திருமணம், நம் இருமலுக்கு ஒரு கஷாயம். முடிந்தது என்று நினைத்தபோது, ஓரத்தில் குறுக்காக இன்னும் இரண்டு வரி இருப்பதைக் கண்டு தாளைத் திருப்பிப் பிடித்தாள். வடகம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பு.

"அனுப்பினீர்களா, தாத்தா?" என்று கேட்டாள்.

நாம் அலமாரியைப் பார்த்தோம். டப்பா அங்கே இருந்தது. கடிதங்கள் உறைகளுக்குப் போனபின் அதில் கத்தரிக்கோலும் பென்சில்களும் வைத்திருக்கிறாள்.